ஸ்கோன்: ஒரு பண்டமும் இரண்டு ஒலிகளும்

ஆங்கிலப் புதினங்களைப் பயிலும் நம் மாணவர்கள், தேநீர் வேளையை வருணிக்கும் பகுதிக்கு வந்ததும் ஒரு சொல்லின்முன் தயங்கி நிற்பதை நாம் வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறோம். ஐந்தே ஆங்கில எழுத்துகளால் ஆன சொல் அது. பொருள் தெரியாமையால் எழும் தயக்கம் அன்று; பொருளை அகராதி சொல்லிவிடும். 'ஸ்கோன்' என்று வாய்விட்டுப் படிப்பதா, 'ஸ்கான்' என்று படிப்பதா, எதைச் சொன்னால் பின்வரிசையிலிருந்து சிரிப்பொலி எழும் என்னும் அச்சமே அதன் வேர். இதில் வியப்பு யாதெனின், இதே அச்சமும் இதே சிரிப்பும் அப்பண்டம் வழங்கும் பிரிட்டனிலேயே நெடுங்காலமாக உண்டு என்பதாகும். ஒருவர் எந்தப் பகுதியினர், எத்தகைய குடும்பத்தில் வளர்ந்தவர் என்று அளந்து பார்க்கும் கோலாக அங்கே ஒரு தின்பண்டத்தின் பெயர் ஆகிவிட்டது. ஆகவே பண்டத்தையும் பெயரையும் சேர்த்தே ஆராய்வது மொழி பயில்வோர்க்குப் பயன் தரும் எனக் கருதி இதனை எழுதலானோம்.

பண்டம் யாது?

நம் ஊர்ப் பேக்கரியில் கிடைக்கும் பன்னோடு ஸ்கோனை ஒப்பிடுவாரும் உளர். பிஸ்கட்டோடு ஒப்பிடுவாரும் உளர். இரண்டும் முழுமையாகப் பொருந்துவன அல்ல. பன் ஈஸ்ட்டினால் புளித்து எழுவது. இன்று வழங்கும் ஸ்கோனில் ஈஸ்ட் இல்லை. பிஸ்கட் மொறுமொறுப்பாக உடைவது. ஸ்கோன் மேலே சற்று இறுகி, உள்ளே மெதுவாக, கையால் பிளந்தால் இரண்டாகப் பிரிவது. கைக்குள் அடங்கும் வட்ட வடிவம், இரண்டு விரற்கடை உயரம், மேற்புறத்தில் பொன்னிறம். இதுவே அதன் தோற்றம்.

கோதுமை மாவு, வெண்ணெய், பால், சிறிது சர்க்கரை, உப்பு, பேக்கிங் பவுடர் ஆகியவையே சேர்மானம். உலர்ந்த திராட்சை சேர்ப்பதும், சர்க்கரையை நீக்கிப் பாலாடைக்கட்டி சேர்ப்பதும் உண்டு. சேர்மானம் எளிதாயினும் செய்முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. குளிர்ந்த வெண்ணெயை மாவில் இட்டு, அது ரவைபோல் உதிரும் வரை விரல் நுனிகளால் தேய்க்க வேண்டும். பின்னர்ப் பாலை ஊற்றி மாவை ஒன்றுசேர்க்க வேண்டுமே அன்றிப் பிசையலாகாது. பரோட்டாவுக்கு மாவை அடித்துப் பிசைந்து ஊறவைத்து வீசும் நம் சமையற்காரருக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் ஒன்றே. கோதுமை மாவில் நீர் பட்டுப் பிசையப் பிசைய அதிலுள்ள புரதங்கள் இணைந்து குளூட்டன் என்னும் வலையை உண்டாக்குகின்றன. பரோட்டாவின் இழுவைக்கு அவ்வலை வேண்டும்; ஸ்கோனின் மென்மைக்கு அது கூடாது. வெண்ணெய் மாவுத்துகளைப் போர்த்தி, நீர் எளிதில் சேராதவாறு தடுக்கிறது. தட்டிய மாவை வட்ட அச்சினால் வெட்டும்போது அச்சைத் திருகாமல் நேராக அழுத்தி எடுக்க வேண்டும் என்பர். திருகினால் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு பண்டம் கோணலாக எழும். 220 பாகை செல்சியஸ் அளவு சூடேறிய அடுமனை அடுப்பில் பத்து முதல் பதினைந்து நிமிடங்களில் வெந்துவிடும். சுட்ட அன்றே தின்ன வேண்டும்; மறுநாள் அதன் பாதிச் சுவை போய்விடும்.

ஸ்கோனை மேலே எழச் செய்வது கரியமில வாயு. நம் அடுக்களையில் ஆப்பச்சோடா என வழங்கும் சோடியம் பைகார்பனேட், புளிப்புள்ள பொருளோடு சேரும்போது அவ்வாயு வெளிப்படும். அந்நாட்டார் முதலில் புளித்த மோரைச் சேர்த்தனர். சோடாவையும் புளிப்புப் பொருளையும் முன்னரே பொடியாகக் கலந்து வைத்ததே பேக்கிங் பவுடர். பர்மிங்காமில் மருந்துக்கடை நடத்திய ஆல்பிரட் பேர்டு என்பவர் 1843ஆம் ஆண்டில் அத்தகைய பொடியொன்றை உருவாக்கினார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒவ்வாது என்பதே அதற்குக் காரணம். மனைவியின் வயிற்றைக் கருதிக் கணவர் செய்த பொடி, ஒரு நாட்டின் மாலைச் சிற்றுண்டியையே உயரமாக்கிவிட்டது. அதற்கு முற்பட்ட ஸ்கோன்கள் பெரும்பாலும் தட்டையானவை.

வெளிநாட்டில் இதனை வாங்கி உண்ணும் நம் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு: இன்று பெரும்பாலும் வெண்ணெயே சேர்க்கப்படினும், பழைய முறைகளில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதும் உண்டு. கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்து உண்பது நலம்.

வடபுலத்துத் தட்டை ரொட்டி

ஸ்கோனின் பழைய தாயகம் ஸ்காட்லாந்து. அங்கே வாற்கோதுமை அல்லது ஓட்ஸ் மாவினால் 'பேனக்' என்னும் பெரிய வட்ட ரொட்டியை, நம் தோசைக்கல்லை ஒத்த இரும்புக் கல்லின்மேல் சுட்டனர். அதனை நான்காகப் பகுத்த துண்டுக்கு ஸ்கோன் என்னும் பெயர் வழங்கியது. இன்றும் அந்நாட்டில் உருளைக்கிழங்கை மசித்து மாவோடு சேர்த்துக் கல்லில் சுடும் 'டாட்டி ஸ்கோன்' காலை உணவில் இடம்பெறுகிறது. கரைத்த மாவைக் கல்லின்மேல் கரண்டியால் ஊற்றிச் சுடுவது 'டிராப் ஸ்கோன்'. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1959இல் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் விருந்தினராகத் தங்கியபோது இதனை விரும்பியுண்டார். இரண்டாம் எலிசபெத் அரசியார் 1960 ஜனவரியில் அதன் செய்முறையை, பதினாறு பேருக்கு உரிய அளவோடு, அவருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். ஆட்கள் குறைந்தால் மாவையும் பாலையும் குறைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பும் எழுதினார். அரசியரும் அடுக்களைக் கணக்குப் பார்ப்பர் என்பதை அக்கடிதம் காட்டுகிறது.

சொல்லின் தோற்றம் பற்றிக் கருத்துகள் பல. இடைக்கால டச்சு மொழியில் 'தூய வெண்ணிற ரொட்டி' எனப் பொருள்படும் 'ஸ்கோன்பிரோட்' என்னும் தொடரின் முற்பகுதியே இச்சொல் என்பர் ஒரு சாரார். உருவற்ற கட்டி எனப் பொருள்படும் கேலிக் மொழிச் சொல்லோடு தொடர்புபடுத்துவர் மற்றொரு சாரார். முற்கருத்தே பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. கடல் கடந்த வாணிகத்தோடு உணவுப்பெயர்களும் கரை சேர்வது இயல்பே ஆதலின் அது நமக்கும் ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

எழுத்து வடிவில் இச்சொல் காணப்படும் மிகப் பழைய இடம் எதுவெனில், ஓர் இலக்கிய மொழிபெயர்ப்பு. இலத்தீன் பெருங்கவிஞர் வெர்ஜில் இயற்றிய 'ஈனீட்' காப்பியத்தை கேவின் டக்ளஸ் என்னும் ஸ்காட்லாந்துப் புலவர் 1513இல் தம் நாட்டு மொழியில் பெயர்த்து முடித்தார். காப்பியத்தின் ஏழாம் பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நாடிழந்து கடலில் அலைந்த வீரர்கள் இத்தாலியக் கரையில் இறங்கி, கோதுமைத் தட்டை ரொட்டிகளைத் தரையில் பரப்பி, அவற்றின்மேல் காய்கனிகளை வைத்து உண்கின்றனர். கனிகள் தீர்ந்த பின்னும் பசி தீராமையால் கீழிருந்த ரொட்டிகளையும் தின்றுவிடுகின்றனர். 'நாம் உணவு மேசையையே தின்றுவிட்டோமே' என்று தலைவன் மகன் விளையாட்டாகச் சொல்ல, தாங்கள் மேசையைத் தின்னும் நாளில் தமக்குரிய மண்ணை அடைவர் என்னும் பழைய முன்னறிவிப்பு நிறைவேறியதை எல்லாரும் உணர்கின்றனர். அந்த ரொட்டிக்கு டக்ளஸ் இட்ட பெயரே ஸ்கோன்.

இலத்தீன் காப்பியத்தின் வீரர் கையில் ஸ்காட்லாந்து உழவர் வீட்டு ரொட்டியை வைத்தது பிழையா எனச் சிலர் வினவக்கூடும். நமக்கு அவ்வினா எழ வேண்டியதில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போது தமிழகத்தின் மருத வளத்தையே அங்கே பாய்ச்சினார் அல்லரோ? கேட்போர் கண்முன் விரியும் நிலம் அவர்கள் அறிந்த நிலமாக இருக்க வேண்டும் என்பதைப் புலவர் அறிந்திருந்தனர். டக்ளஸ் செய்ததும் அதுவே.

ஜாமா, ஏடா, எது முதலில்?

ஸ்கோன் பெரும்புகழ் அடைந்தது தெற்கேதான். மதிய உணவுக்கும் காலந்தாழ்த்தி உண்ணும் இரவு உணவுக்கும் இடையே பசி தாங்காமல், 1840ஆம் ஆண்டையொட்டி, பெட்ஃபோர்டு கோமகளார் அன்னா மாலையில் தேநீரும் சிற்றுண்டியும் வரவழைத்து உண்ணத் தொடங்கினார் என்பர். அவ்வழக்கம் பரவியபோது தேநீர்த் தட்டில் ஸ்கோனும் ஏறியது. அத்தட்டோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அதன்பின் அம்மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன், கார்ன்வால் என்னும் இரு மாவட்டங்கள் அண்டையில் அமைந்துள்ளன. இடையே எல்லையாக ஓடுவது டேமர் ஆறு. ஸ்கோன், ஜாம், 'கிளாட்டட் கிரீம்' ஆகியவற்றோடு தேநீர் அருந்துவதை அங்கே 'கிரீம் டீ' என்பர். தேநீரில் கிரீம் கலப்பது என்று எண்ணிப் புதியவர் ஏமாறுவதும் உண்டு. கிளாட்டட் கிரீம் என்பது, கொழுப்பு மிகுந்த பாலேட்டை அகன்ற பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து ஆறவிட்டால் மேலே படியும் கட்டியான ஏடு. துருக்கியர் 'கைமக்' என்பதும் ஏறத்தாழ இம்முறையிலேயே ஆவது. கார்ன்வால் கிளாட்டட் கிரீமுக்கு 1998இல் ஐரோப்பியப் பிறப்பிடப் பெயர்க் காப்பு வழங்கப்பட்டது. அதில் கொழுப்பு நூற்றுக்கு 55 பங்குக்குக் குறையலாகாது.

பூசல் எதில் எனின், பிளந்த ஸ்கோனின்மேல் எதை முதலில் இடுவது என்பதில். டெவன் மக்கள் ஏட்டை முதலில் தடவி அதன்மேல் ஜாமை வைப்பர். ஏடு வெண்ணெயின் இடத்தில் நிற்பது, ரொட்டிக்கு வெண்ணெய்தானே முதலில் என்பது அவர்தம் வாதம். கார்ன்வால் மக்கள் ஜாமை முதலில் பரப்பி ஏட்டை மேலே வைப்பர். சூடான ஸ்கோனில் ஏடு உருகி வழியாமல் இருக்கும், கண்ணுக்கும் நாவுக்கும் ஏடே முதலில் படும் என்பது இவர்தம் மறுப்பு. இது வெறும் வேடிக்கை அன்று என்பதற்கு 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. கார்ன்வாலில் லான்ஹைட்ராக் என்னும் பழைய மாளிகையைப் பார்வையாளர்க்குத் திறந்து வைத்திருக்கும் நிறுவனம், அன்னையர் நாள் விருந்துக்கான விளம்பரத்தில் ஏடு கீழும் ஜாம் மேலுமாக ஸ்கோன் படத்தை வெளியிட்டது. ஊரார் கொதித்தெழுந்தனர், நிறுவனம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

டெவனில் உள்ள டாவிஸ்டாக் துறவியர் மடத்திலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வழக்கம் பிறந்தது என்று அவ்வூரார் உரிமை கொண்டாடுகின்றனர். 997இல் வைக்கிங் கொள்ளையர் அழித்த மடத்தை மீண்டும் கட்டிய தொழிலாளர்க்கு ரொட்டியும் ஏடும் பழப்பாகும் கொடுத்தனராம். மடம் அழிந்தது வரலாறு. ஆயினும் அங்கே கொடுத்ததாகச் சொல்லப்படுவது ரொட்டியே அன்றி ஸ்கோன் அன்று. கரும்புச் சர்க்கரை அக்கால இங்கிலாந்தில் பரவலாக வழங்கியதும் இல்லை. கார்ன்வாலிலும் முன்னர் ஏட்டோடு உண்டது ஈஸ்ட் சேர்த்த 'ஸ்பிளிட்' என்னும் சிறு பன்னே ஆகும். ஆக, இரு சாராரும் தம் பாட்டனார் காலத்து மரபு என்று போற்றும் ஸ்கோன், உண்மையில் பின்னர் வந்து இலையில் அமர்ந்த விருந்தாளி. இரு முறையும் வயிற்றுக்குள் ஒன்றாகின்றன என்பது நம் கருத்து. அதனை டேமர் ஆற்றின் இரு கரையிலும் சொல்லாதிருப்பதே அறிவுடைமை.

இப்பண்டத்தின்மேல் மக்கள் வைத்த பற்றுக்கு வேறொரு சான்றும் உண்டு. பழம்பெரும் மாளிகைகளையும் இயற்கை இடங்களையும் காத்துவரும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பின் 244 இடங்களுக்கும் சென்று, ஒவ்வொன்றிலும் ஸ்கோன் உண்டு மதிப்பிடுவதென ஒரு பெண்மணி 2013இல் தம் கணவரோடு தொடங்கினார். இடையில் கணவர் புற்றுநோயால் இறந்தார். அவர் தனியே பயணத்தைத் தொடர்ந்து, 2023 மார்ச்சில் வட அயர்லாந்துக் கடற்கரையில் கடைசி ஸ்கோனை உண்டு முடித்தார்.

ஒலிப் பூசல்

இனி, மாணவர் தயங்கிய இடத்துக்கு வருவோம். பிரிட்டனில் இச்சொல்லை 'போய்விட்டது' எனப் பொருள்படும் 'கான்' என்னும் சொல்லோடு இயையுமாறு ஒலிப்போர் ஒரு சாரார். 'எலும்பு' எனப் பொருள்படும் 'போன்' என்பதோடு இயையுமாறு ஒலிப்போர் மற்றொரு சாரார். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, வட இங்கிலாந்து ஆகிய பகுதிகளில் முன்னதே பெருவழக்கு. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் அயர்லாந்தின் தென்பகுதியிலும் பின்னது மிகுதி. தென் இங்கிலாந்தில் இரண்டும் கலந்துள்ளன. யூகவ் நிறுவனம் 2016இல் நடத்திய கருத்துக் கணிப்பில் 51 விழுக்காட்டினர் முன்னதையும் 42 விழுக்காட்டினர் பின்னதையும் தம் வழக்காகக் கூறினர். ஆங்கில அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. நாட்டுப்புற வழக்கு இவ்வாறு இரண்டாக நிற்க, ஒருவர் ஒலிப்பை மற்றவர் 'மேட்டுக்குடிப் பாசாங்கு' என்றும் 'படிக்காதவர் பேச்சு' என்றும் இகழ்வதுதான் விந்தை. இரு சாராரும் இதே பழியை ஒருவர்மேல் ஒருவர் சுமத்துகின்றனர் என்பதால், அப்பழிக்கு மொழியியல் அடிப்படை ஏதும் இல்லை என்பது வெளிப்படை.

மூன்றாவது ஒலியும் உண்டு. அதே ஐந்து எழுத்துகளால் எழுதப்படும் ஓர் ஊர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. அதனை 'ஸ்கூன்' என்றே ஒலிக்க வேண்டும். அந்நாட்டு மன்னர் முடிசூடிய கல் அங்கிருந்தது. 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு அதனை எடுத்துச் சென்றார். 1996இல் அது ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது. 2024 முதல் பெர்த் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அவ்வூர்ப் பெயருக்கும் நம் பண்டத்துக்கும் தொடர்பில்லை.

எழுத்து ஒன்றாக, ஒலி வேறாக இருப்பது நமக்குப் புதிதன்று. பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதியதால் ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் நின்றன. படிப்பவர் இடமறிந்து குறிலாகவோ நெடிலாகவோ கொண்டனர். பின்னர் வீரமாமுனிவர் செய்த மாற்றமே இன்று நாம் காணும் வேறுபாடு. 'கான்' என்னும் ஆங்கிலச் சொல்லில் உள்ள உயிரோ ஆகாரமும் அன்று, ஒகரமும் அன்று. இதழ் குவிந்து குறுகி ஒலிப்பது. தமிழர் அதனைப் பெரும்பாலும் ஆகாரமாக்கினர். டாக்டர், காபி, காலேஜ் என்பன அவ்வாறு வந்தவை. அம்மரபுப்படி 'ஸ்கான்' என எழுதுவதும் முறையே.

வகுப்பறைச் சிரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிராமத்திலிருந்து வரும் மாணவர் சிலர் 'இஸ்கோன்' என்பர், 'இஸ்கூல்' என்பதைப்போல. சிரிப்பவர் அறிய வேண்டியது, தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஒலிக்க இயலாத தொடக்கத்தின்முன் உயிர் ஒன்று வந்து கைகொடுக்கிறது. மொழிமுதலாகாத ரகரத்துக்கும் இவ்வாறே உயிர் துணைவரும். 'ரசூல்' என்பது நம் புலவர் பாடல்களில் 'இறசூல்' என வருவதைத் துறை மாணவர் அறிவர். அரபு மொழியின் இயல்பும் இதுவே. இரண்டு மெய்களோடு சொல்லைத் தொடங்க அம்மொழி இடந்தராது. ஆகவே கிரேக்க அறிஞர் பிளாட்டோவை அரபு நூலோர் 'அஃப்லாத்தூன்' என்றனர். குதிரை லாயத்தைக் குறித்த இலத்தீன் சொல் அரபியில் 'இஸ்தப்ல்' ஆயிற்று. பள்ளியைக் குறிக்கும் இலத்தீன் சொல் ஸ்பானிய மொழியில் 'எஸ்குவேலா' என்றே வழங்குகிறது. இவற்றையெல்லாம் கற்றோர் வழக்கெனப் போற்றிவிட்டு, அதே விதிப்படி நம் மாணவர் நாவில் பிறக்கும் 'இஸ்கோன்' என்பதை மட்டும் அறியாமை என்பது எவ்வாறு பொருந்தும்? ஆங்கிலத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் செல்வோர் அம்மொழியின் ஒலிமரபைப் பயிலத்தான் வேண்டும். அது வேறு செய்தி. பயிற்சி வேண்டும் என்பதற்கும் நகைப்புக்கு உரியது என்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

இக்கட்டுரையில் நாம் 'ஸ்கோன்' என எழுதியது ஆங்கில எழுத்துகளை ஒட்டியே. வகுப்பில் வாய்விட்டுப் படிப்போர் 'ஸ்கான்' எனினும் நாம் திருத்துவதில்லை. எடின்பரோவில் கடையேறி வாங்குவோர்க்கு அவ்வொலியே உடனே பண்டத்தைத் தட்டில் கொண்டுவரும்.